தெரிந்தே விட்ட குமிழி

1

இந்தக் கதை எனக்கு ஒரு கண் மருத்துவமனையில் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வது மரியாதைக்காக. ஒட்டுக்கேட்டேன் என்பதுதான் சரி.

படிக்கிற கண்ணாடியை மாற்றப் போயிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, "அப்படியே மூடிட்டு உக்காருங்கம்மா" என்று ஒரு துணித்திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். கண்ணை மூடி உட்கார்ந்தவளுக்குக் காது சும்மா இருக்குமா? திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மருத்துவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு சரியில்லைன்னு எழுதிக் குடுங்க டாக்டர்."

"நல்லா இருக்கேம்மா."

"அந்த எழுத்து ஒண்ணுகூட எனக்குத் தெரியலையே."

"தெரியலைன்னு நீங்க சொன்னீங்க. மெஷின் வேற சொல்லுது. இப்பகூட என் மோதிரத்துக் கல்லு ஒண்ணு கீழ விழுந்தப்ப, நான் தேடறதுக்கு முன்னாடி நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க? உங்க வயசுல இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்ல. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

சந்தோஷமாகப் போகச் சொன்னதும் அந்தப் பெண் அழுதாள்.

கண் நன்றாக இருக்கிறது என்று கேட்டு அழுகிற ஒருத்தியை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. கருணை என்று நினைத்துவிடாதீர்கள். எழுதுகிறவர்களுக்குக் கருணையும் பசியும் ஒரே வயிற்றில்தான் இருக்கின்றன. தட்டுத்தடுமாறி வெளியே போய், வாசல் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருந்தின் புண்ணியத்தில் அவள் முகம் எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. அதனால் இந்தக் கதையில் முகவர்ணனை கிடையாது. அழகா என்று யாரும் கேட்கக் கூடாது.

2

தொடக்கம் ஒன்று: "மேகம் கருத்த அந்தப் பிற்பகலில், தன் விழிகளின் ஒளியே தனக்குப் பகையாகும் என்று அவள்—"

(வேண்டாம். விழி என்று எழுதினாலே எனக்குப் பரிசுக்கு அனுப்புகிற கை வந்துவிடுகிறது. அவளுக்கு இருப்பது கண்.)

தொடக்கம் இரண்டு: "பெண் என்பவள் காலங்காலமாக—"

(இது மேடைக்கு. முதலில் பொன்னாடை போடுவார்கள், பிறகு மைக்கைப் பிடுங்குவார்கள்.)

தொடக்கம் மூன்று. இதுவே இருக்கட்டும்: சமையல் சிலிண்டரின் தலையில் மாட்டுகிற ரெகுலேட்டர் செய்யும் தொழிற்சாலையில் அவள் கசிவு பார்க்கிறவள்.

இடுப்பு உயரத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. செய்து முடித்த ரெகுலேட்டர்கள் தட்டு தட்டாக வரும். ஒவ்வொன்றையும் காற்றுக்குழாயில் மாட்டி, தண்ணீரில் முக்கி, உற்றுப் பார்க்க வேண்டும். குமிழி வரவில்லை என்றால் வலப்பக்கத் தட்டு. வந்தால் இடப்பக்கம் இருக்கிற சிவப்புக் கூடை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கசிகிறதெல்லாம் உலைநீர் மாதிரி கொதிக்காது. சில பீஸ், கடுகில் பாதி அளவுக்கு ஒரே ஒரு குமிழியை விட்டுவிட்டு, அதையும் நீங்கள் கண் சிமிட்டுகிற நேரம் பார்த்து விட்டுவிட்டு, அப்புறம் சமர்த்தாக இருந்துவிடும். அந்த ஒன்றைத் தவறவிட்டால், எங்கோ ஒரு சமையலறையில் தீக்குச்சி கிழிக்கிறவள் தலையில் விடியும்.

அடுத்த தொட்டியில் அவள் கணவர். அவர்தான் பேசி அவளை அங்கே சேர்த்துவிட்டவர். இதை அவள் என்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

3

கசிவு பார்க்கிறவர்களைப் பார்க்கவும் ஓர் ஏற்பாடு உண்டு. சூப்பர்வைசர் தினமும் நல்ல பீஸ்களுக்கு நடுவே, கசியும் என்று தெரிந்த சிலவற்றைக் கலந்து வைப்பார். உள்பக்கம் அவருக்கு மட்டும் தெரிகிற ஒரு கீறல் இருக்கும். வேலை முடிந்ததும் வலப்பக்கத் தட்டுகளில் தேடி, தப்பிவந்தவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொள்வார். யாருடைய தட்டில் எத்தனை என்பதுதான் மதிப்பெண். மறுநாள் அதே பீஸ்கள் மறுபடி கலக்கப்படும்.

அந்தப் பீஸ்களுக்குத் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கிற பெயர் மாப்பிள்ளை. வெளியே பளபளப்பு, உள்ளே கசிவு. எப்போது வருவார் என்று தெரியாது, வந்துவிட்டால் கவனிக்காமல் இருக்க முடியாது. (இந்த நகைச்சுவை என்னுடையதல்ல. என்னுடையதாக இருந்திருந்தால் கொஞ்சம் பெருமைப்பட்டிருப்பேன்.)

மாதக் கடைசியில், ஒரு மாப்பிள்ளையையும் தப்பவிடாதவர் பெயரைச் சாப்பாட்டு அறை வாசலில் பலகையில் எழுதுவார்கள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவள் பெயர் ஏறியது. 'கழுகு' என்று பட்டம் வைத்தார்கள். கணவர் சிரித்தார், எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், "இனிமே வீட்டுலயும் ஒளிச்சு வைக்க முடியாதுப்பா" என்று தமாஷ் பண்ணினார். வீட்டுக்குப் போனதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

அவளிடம் மட்டும்தான் பேச்சு இல்லை. மகளிடம் பேசுவார்.

"பாப்பா, சோறு போடச் சொல்லு உங்கம்மாவை."

"பாப்பா, கழுகம்மாவைக் கேளு, என் சட்டை எங்கேன்னு. அவங்க கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

மகள் நடுவில் நின்று, அப்பா சொன்னதை அம்மாவிடமும் அம்மா சொன்னதை அப்பாவிடமும் சொல்வாள். மூன்று பேரும் நிற்பது ஒரே அறையில்தான்.

"அடுத்த மாசமும் என் பேரு ஏறுச்சு அக்கா. அந்த மாசம் பூரா பாப்பாதான் எங்களுக்குத் தபால்காரி. அதுக்கப்புறம் நான் விட ஆரம்பிச்சுட்டேன்."

"எதை?"

"மாப்பிள்ளையை."

ஒரே பீஸ்கள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றில் குழாய் மாட்டுகிற முனை மழுங்கியிருக்குமாம். கையில் எடுத்தாலே அவளுக்குத் தெரியுமாம். "அடிக்கடி வர்ற சொந்தக்காரங்க கதவு தட்டற மாதிரி அக்கா. யாருன்னு எட்டிப் பார்க்கவே வேணாம்." தெரிந்த மாப்பிள்ளையைத் தண்ணீரில் முக்குவாள், குமிழி வருவதைப் பார்ப்பாள், பார்க்காத மாதிரி வலப்பக்கத் தட்டில் வைப்பாள். சூப்பர்வைசர் எப்படியும் சாயந்திரம் அதைப் பொறுக்கி எடுத்துவிடுவார். எந்தச் சமையலறைக்கும் அது போகாது.

"நிஜக் கசிவு ஒண்ணைக்கூட நான் விட்டதில்ல அக்கா. பாப்பா மேல சத்தியம்."

கணவர் தப்பவிடுவதைவிட ஒன்று கூடுதலாகத் தப்பவிடுவாள். அதற்காகப் பக்கத்துத் தொட்டியையும் கவனித்துக்கொண்டே இருப்பாள். கவனிக்கும்போது, அவர் நிஜக் கசிவு எதையாவது கோட்டைவிட்டால் அதுவும் அவள் கண்ணில் படும். அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது அதை எடுத்துச் சிவப்புக் கூடையில் போட்டுவிடுவாள். ஆக, இரண்டு தொட்டிக்கும் காவல் அவள்தான், மதிப்பெண்ணில் கடைசியும் அவள்தான்.

வீட்டில் பேச்சு திரும்பி வந்தது.

4

கணவரை நான் நம்பவில்லை. முதல் பிரதியில் அவரைக் குடிகாரராக்கி, மூன்றாம் பகுதியில் ஓர் அறையும் விடவைத்தேன். அறை விழுந்ததும் கதைக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? எனக்கு வேலை மிச்சம். படிக்கிற ஆண்களுக்கு அதைவிட மிச்சம். நான்தான் அடிக்கிறதில்லையே என்று காலை நீட்டிக்கொண்டு படிக்கலாம்.

ஆனால் அவர் அடிக்கிறவர் இல்லை. பேருந்தில் ஜன்னல் இடத்தை அவளுக்குத் தருவார். வெங்காயம் நறுக்கினால் அவளுக்குக் கண் எரியும் என்று தானே நறுக்குவார். மகளுக்குத் தலை பின்னிவிடத் தெரியும், அதுவும் கோணல் இல்லாமல். ஊர் உலகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்துத் தேடினாலும் இப்படி ஒருவர் அகப்படுவது கஷ்டம்.

"தங்கமான மனுஷன் அக்கா," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் அவருக்குக் கீழ இருக்கற வரைக்கும்," என்றாள்.

அதனால் அறையை அடித்துவிட்டேன். தங்கத்தை அப்படியே வைத்திருக்கிறேன்.

[கணவன் பக்கத்து நியாயத்தையும் ஒரு பத்தியாவது சொல்ல வேண்டாமா? அவன் வளர்ந்த விதம், அவன் நண்பர்களின் கேலி? இப்படியே விட்டால் ஒருதலைப்பட்சமாக இருக்கிறது. — பிரதியின் ஓரத்தில் என் வீட்டுக்காரர் பென்சிலில் எழுதியது.]

(நண்பர்களின் கேலி நிஜம்தான். "என்னப்பா, கழுகு கூண்டுக்குள்ள நீயா அதுவா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களோடு அவர் பேச்சை நிறுத்தவில்லை. நியாயம் சொல்லியாயிற்று.)

5

என் வீட்டுக்காரர்தான் என் முதல் வாசகர். அவரும் எழுதுகிறவர். என்னைவிட முன்னால் எழுத வந்தவர், என் முதல் கதையைப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்த்தவர். இதை நானும் எல்லாரிடமும் மூன்று தடவை சொல்வேன்.

என் பிரதி பிழையில்லாமல் அவர் கைக்குப் போனால் படித்து முடித்து, "ம்" என்பார். அந்த "ம்" ரொம்ப நாளைக்கு வீட்டில் கிடக்கும். அதனால் ஒவ்வொரு பிரதியிலும் ஓரிடத்தில் ஒரு தப்பை வைத்துக் கொடுப்பேன். இந்தக் கதையின் முந்தைய பிரதியில், அவள் மருத்துவமனைக்குப் பேருந்தில் வந்து, வந்த ரயிலிலேயே திரும்புகிறாள் என்று எழுதியிருந்தேன்.

"இதைக்கூடக் கவனிக்க மாட்டியா? நான் பார்க்கலேன்னா என்ன ஆயிருக்கும்?"

"ஐயையோ, ஆமாங்க."

அன்றைக்கு அவரே டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். மற்ற பக்கங்களில் அவர் அதிகம் கை வைக்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

பெஞ்சில் அந்தப் பெண் மாப்பிள்ளையை விட்ட கதையைச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. வந்தது கோபம். அவள் மேல் இல்லை. இதை ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுக்காமலே, தொட்டியடியில் ஒருத்தியும் மேசையடியில் ஒருத்தியும் அச்சுப் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறோமே என்ற கோபம்.*

* இந்த ஐந்தாம் பகுதி அவர் படிக்கிற பிரதியில் இருக்காது. அதில் நான்குக்குப் பிறகு நேராக ஆறு வரும். எண் விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, சந்தோஷமாகச் சொல்வார்.

6

சூப்பர்வைசர் ஓய்வு பெறப் போகிறார். அவர் இடத்துக்கு ஓர் ஆள் வேண்டும். கசிவுப் பகுதிக்கே தலைமை. கணவருக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவரும் நினைத்திருந்தார்.

சூப்பர்வைசர் நினைக்கவில்லை. எந்தத் தொட்டியில் பார்த்த பீஸ் என்று பெட்டியில் எண் இருக்கும். வெளியிலிருந்து வந்த புகார்களில் அவள் தொட்டி எண் ஒருமுறைகூட வந்ததில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஊர்ல இருக்கற கசிவெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியுது. நான் வைக்கிற கசிவு மட்டும் தெரியலையா?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"சரி. நாளைக்கு மாப்பிள்ளை யாரும் வர மாட்டாங்க. நீ விடறது அப்படியே பெட்டிக்குள்ள போய் லாரி ஏறிடும். விடறியான்னு பார்க்கறேன்."

பொல்லாத மனிதர். அவளுக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டார். இனி தப்பவிட்டால் நிஜம். தப்பவிடாவிட்டால் தலைமைப் பதவி, தலைமைப் பதவி என்றால் மறுபடி மகள் தபால்காரி, இந்தத் தடவை எத்தனை காலத்துக்கு என்று சொல்ல முடியாது. மறுநாள் பக்கத்துத் தொட்டியில் கணவர், அவருக்கும் அதே மாதிரி தட்டுகள். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு சூப்பர்வைசர்.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். அவள் என்ன செய்திருப்பாள் என்று எனக்கு மூன்று வழி தோன்றியது. மூன்றும் தப்பு. அவள் செய்தது இது: கசிந்ததைச் சிவப்புக் கூடையில் போட்டாள். கசியாததையும் சிவப்புக் கூடையில் போட்டாள். ஒன்றுமில்லாத தண்ணீரைக் காட்டி, "குமிழி வந்த மாதிரி இருந்துச்சு சார்" என்றாள். கூடை வழிந்தது. சூப்பர்வைசர் அதிலிருந்து எடுத்து எடுத்து முக்கிப் பார்த்தார். முக்கால்வாசி நல்ல பீஸ். கண் மங்கிப்போனவள் பயந்துபோய்ச் செய்கிற வேலை மாதிரியே இருந்தது. யாருக்கும் ஆபத்து இல்லை. கணவர் ஜெயித்துவிட்டார்.

இவ்வளவு மூளையை ஒருத்தி தன்னை மட்டமாகக் காட்டிக்கொள்வதற்குச் செலவழித்திருக்கிறாள். என் வயிறு எரிகிறது. வேறு நல்ல வாக்கியம் எதுவும் இதற்கு எனக்குக் கிடைக்கவில்லை.

சூப்பர்வைசர் விடவில்லை. "கண்ணு போயிடுச்சுன்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. பேக்கிங்ல உக்கார வைக்கிறேன். கண்ணு நல்லா இருந்துச்சுன்னா திங்கட்கிழமையிலிருந்து நீதான் இங்க தலைமை. உன் வீட்டுக்காரரும் உன்கிட்டதான் கேட்டு லீவு எடுக்கணும்."*

* அவரைக் கதாநாயகனாக்க ஆசைப்பட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும். மேனேஜரிடம் அவர் சொன்னதை அவளே காதால் கேட்டிருக்கிறாள்: "பொம்பளைதானே சார், சம்பளத்தைக் கொஞ்சம் கொறைச்சே பேசலாம்."

7

ஆக, அவள் மருத்துவமனைக்கு வந்தது அதற்காக. கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை தொட்டிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். இதற்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

முடிவு அ. கணவர் தானாகவே சூப்பர்வைசரிடம் போய், "அவளுக்கே குடுங்க சார்" என்கிறார். எல்லாரும் கை தட்டுகிறார்கள். அவள் கண்ணில் நீர்.

[அருமை. இதையே வை. கதையில் ஒரு நல்ல ஆண் வேண்டாமா? — வீட்டுக்காரர்]

(அவளுடைய வேலையை அவள் கணவர் அவளுக்குத் தானமாகக் கொடுக்கிறார். கை தட்டு யாருக்கு என்று பாருங்கள்.)

முடிவு ஆ. வேறொரு மருத்துவரைப் பிடித்து எழுதி வாங்கி, பேக்கிங்கில் உட்கார்ந்துவிடுகிறாள். இப்போது பக்கத்துத் தொட்டியைப் பார்க்க யாரும் இல்லை. கணவர் ஒன்றைக் கோட்டைவிடுகிறார். அது லாரி ஏறுகிறது. எங்கோ ஒருத்தி அடுப்படிக்கு வருகிறாள், தீப்பெட்டியை எடுக்கிறாள், குச்சியை—

(எழுத மாட்டேன். ஓர் ஆண் பாடம் கற்பதற்காக முகம் தெரியாத ஒருத்தியைக் கொளுத்துகிற கதைகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன.)

முடிவு இ. மகளைக் கூட்டிக்கொண்டு தனி வீடு பார்த்துப் போய்விடுகிறாள். என் தோழிகளுக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அவர்களில் ஒருத்தியும் அப்படிப் போனதில்லை. நானும் இந்தக் கதையை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு ஈ. அவள்—

8

உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். தொழிலே அதுதான், முதலில் கேட்டதைக் கடைசியில் சொல்வது. பெஞ்சில் நான் உட்கார்ந்ததும் அவள் தொட்டியைப் பற்றிப் பேசவில்லை. கணவரைப் பற்றிப் பேசவில்லை. முதலில் சொன்னது மகளைப் பற்றி.

"நேத்து அவரும் பாப்பாவும் கேரம் ஆடிட்டிருந்தாங்க அக்கா. பாப்பா நல்லா ஆடுவா. ஸ்கூல்ல பசங்களை எல்லாம் தோக்கடிப்பா. நேத்து அவளோட கடைசிக் காய் அப்படியே குழி வாயில நிக்குது. ஊதினா விழுந்துடும். அது விழுந்தா அவ ஜெயிச்சுடுவா. நான் கதவுகிட்ட நின்னு பார்த்துட்டிருந்தேன்."

"அடிச்சாளா?"

"அடிக்கறதுக்கு முன்னாடி அப்பா மூஞ்சியை ஒரு தடவை பார்த்தா. அப்புறம் அடிச்சா. காய் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். அவரு, 'அடடா, விட்டுட்டியேடி கண்ணு'ன்னு சந்தோஷமா அவ தலையைத் தடவிக் குடுத்தாரு. அவளும் சிரிச்சா."

பெஞ்சுப் பலகையில் விரலைச் சுண்டிக் காட்டினாள்.

"கை நடுங்கி விட்டது இல்ல அக்கா. எனக்குத் தெரியாதா? விரலை எப்படித் திருப்பினான்னு பார்த்தேன். யாரும் அவளுக்குச் சொல்லித் தரல. நான் ஒரு நாளும் சொன்னதில்ல. எல்லாரும் எனக்குக் கண்ணு நல்லா இருக்கு, கண்ணு நல்லா இருக்குங்கறாங்க. நேத்து மட்டும் அது தெரியாமப் போயிருக்கக் கூடாதா?"

"அவகிட்ட ஏதாவது கேட்டீங்களா?"

"கேட்டேன். ஏன் பாப்பா விட்டேன்னு."

"என்ன சொன்னா?"

"'அப்பா பேசாம இருந்தா அப்புறம் நான்தானே ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடணும்'னா."

பேருந்து வந்தது. அவள் எழுந்து போய்விட்டாள். திங்கட்கிழமை என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒரு பேருந்து ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். போகவில்லை. அவள் பேக்கிங்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க நேர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

அதனால் இதை இங்கே உங்களிடம் கொடுக்கிறேன். தொட்டி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஒரு பக்கம் கணவர், பின்னால் சூப்பர்வைசர். அவள் கை தண்ணீருக்குள் போகிறது. அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். எனக்கு முடிவு தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கவில்லை. என்னால் எழுத முடியும். நான் எழுதினால் என் வீட்டுக்காரர் மனம் கோணாத ஒரு முடிவாக அது வந்துவிடும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. எழுதி முடித்ததும் அதை அந்தச் சிறுமியிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். படிக்கும்போது அவள் எதிரிலேயே உட்கார்ந்திருங்கள். முடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பாள். சொல்வதற்கு முன்னால் அவள் உங்கள் முகத்தை ஒரு தடவை பார்க்கிறாளா என்று பாருங்கள்.